படத்தில் இல்லாத பலகை

பிப்ரவரி 3

வாண்டுக்கு,

இதை எழுதுவது உன் மாமாதான். உன் அம்மாவின் ஒரே அண்ணன். யாரையோ பிடித்து எழுத வைத்திருக்கிறேன் என்று நினைக்காதே. வரி மேலே ஏறி, கீழே இறங்கிப் போவதைப் பார்த்தாலே தெரியும், இது என் கைதான்.

அறுபத்து மூன்று வயதில் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன். எங்கள் தகர டப்பாத் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் சாப்பாட்டு அறையில் ஒரு மணி நேரம் வகுப்பு. வாத்தியார் கிடையாது. ஆளுக்கு ஒரு டேப்லெட். அதிலிருந்து ஒரு பெண் குரல் எழுத்தைச் சொல்லும். நாம் கண்ணாடி மேல் விரலால் இழுக்க வேண்டும். சரியாக இழுத்தால் மணி அடிக்கும். ஐந்து மாதம் விடாமல் மணி அடிக்க வைத்தேன். அதன் பிறகு ஒரு நாள் பேனாவைக் கையில் கொடுத்தார்கள். ஒரு எழுத்தும் வரவில்லை. கண்ணாடியில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். காகிதம் அப்படி இல்லை, பிடித்து நிறுத்தும். கடைசியில் மூடி வெட்டி மிஞ்சின தகரத்தில் ஆணியால் கீறிப் பழகினேன். தகரத்தில் அழிக்க முடியாது. அதனால் கை பயந்து பயந்து ஒழுங்காகப் போயிற்று.

இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். என் மெஷினுக்கு எதிர்ச்சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக ஏதோ பெரிய சட்டம் என்று நினைத்து அதன் முன்னால் கொஞ்சம் அடக்கமாகவே நடந்தேன். போன வாரம் படித்தேன். "இங்கே எச்சில் துப்பாதீர்கள்."

உன் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் டப்பா மூடி வெட்டும் எங்கள் பிரஸ் மெஷினைச் சரிசெய்யப் போகிறார்கள் என்றும், அந்த வகுப்பை நடத்துவது நீ என்றும் மேனேஜர் சொன்னார். "எங்க வாண்டு சார் அது" என்றேன். அவர் சிரித்தார்.

போன் பண்ணாதே. காகிதத்தில் பதில் போடு. எழுத்து பெரிதாக இருக்கட்டும். இந்தக் கடிதம் நான்கு நாள் வேலை.

உன் மாமா


பிப்ரவரி 14

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "எங்கண்ணனா எழுதுச்சு? பொய் சொல்லாத" என்று அழுதுவிட்டாள். எச்சில் பலகையைக் கேட்டதும் அழுகையிலேயே சிரித்தாள்.

நான் பேனா பிடித்தே பல வருடம் ஆகிறது. உங்களுடையதைவிட என் கையெழுத்துதான் மோசம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் என் வேலையைச் சொல்கிறேன். ஒரு நாற்காலியோ மருந்து டப்பாவோ செய்வதற்கு முன்னால், அது யார் கைக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு வலியில்லாமல் உதவும் என்று யோசித்து வரைவதுதான் நான் கற்றுக்கொடுக்கும் பாடம். முன்பெல்லாம் மரத்திலும் அட்டையிலும் செய்து பார்ப்போம். இப்போது எல்லாம் திரையில். என் மாணவர்கள் இருபத்தாறு பேரும் ஆறு ஊர்களில் இருக்கிறார்கள். இரண்டு பேரைத்தான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தொழிற்சாலைகள் எங்கள் மேல் ஒரே புகார்தான் சொல்கின்றன. உங்கள் பிள்ளைகள் படம் அழகாகப் போடுகிறார்கள், வேலைக்கு ஆகவில்லை. அதற்காகத்தான் இந்தப் புதிய பாடம். தொழிற்சாலை ஒரு உண்மையான சிக்கலைக் கொடுக்கும், பிள்ளைகள் தீர்க்க வேண்டும். உங்கள் மேனேஜர் கொடுத்தது, பிரஸ் மெஷினில் நிற்பவர்களுக்குத் தோள்பட்டை வலி. ஜூனில் பல்கலைக்கழகத்தின் பாடக் குழு கூடும். எங்கள் வடிவத்தைத் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டால் பாடம் தொடரும். இல்லையென்றால் பாடத்தை மூடுவார்கள். அதற்காக எடுத்த ஆள் நான், என்னையும் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
வாண்டு (முப்பத்தாறு வயது)


மார்ச் 2

வாண்டுக்கு,

உன் பிள்ளைகள் வந்துபோனார்கள். வந்தார்கள் என்றால், சூப்பர்வைசர் கையில் போனைப் பிடித்துக்கொண்டு மெஷின் மெஷினாக நடந்தார், பிள்ளைகள் அதற்குள் ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் கட்டத்தில் பூனை ஏறி உட்கார்ந்துகொண்டது. "அதுவும் உங்க வகுப்பாம்மா?" என்று கேட்டேன். நீ முறைத்ததைப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் ஒரு குறையும் வைக்கவில்லை. வெளி ஆள் வருகிறார் என்றால் எப்போதும் செய்வதுபோல் காலையிலேயே கூட்டித் துடைத்து, கீழே கிடந்த சாக்கு, பலகை, துணி எல்லாவற்றையும் கழிவுத் தொட்டிக்குப் பின்னால் தூக்கிப் போட்டோம். பலகை மட்டும் நானே ஏழு தூக்கினேன். தரை கண்ணாடி மாதிரி இருந்தது, கவனித்தாயா?

ஒரு மணி நேரம் வேலை செய்து காட்டினோம். தகரத்தை மெஷினின் வாயில் வைத்து, இரண்டு பக்கத்துப் பட்டனையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். ஒரு கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. கையை எவ்வளவு உயரத்துக்குத் தூக்குகிறோம் என்று உன் பிள்ளைகள் மெதுவாகச் செய்யச் சொல்லிச் சொல்லிக் கணக்கெடுத்தார்கள். நாலாம் நம்பர் மெஷினில் நிற்கும் பெண், நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், எங்களில் குள்ளம். அன்று பட்டன் எட்ட எம்பி எம்பிக் களைத்துப் போனாள். "இவ்வளவு நேரமா படம் எடுப்பாங்க? கல்யாண வீடியோவே சீக்கிரம் முடிஞ்சிருமே" என்றாள்.

படிக்க ஏதாவது அனுப்பு. மருந்து அட்டைகளையெல்லாம் முடித்துவிட்டேன்.

உன் மாமா


ஏப்ரல் 20

மாமா,

கேட்டீர்களே, படிக்க. எங்கள் அறிக்கையை அச்செடுத்து அனுப்பியிருக்கிறேன். நாற்பத்து நான்கு பக்கம். உங்களுக்காக எழுத்தைப் பெரிதாக்கினேன்.

புதிய தாங்கியும் பட்டன் அமைப்பும் லாரியில் கிளம்பிவிட்டன. பட்டன்களை நன்றாகக் கீழே இறக்கியிருக்கிறோம். இனி யாரும் கையைத் தூக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் திரையில் ஒரு ஆளை நிற்க வைத்து ஏழு விதமாகச் சோதித்தார்கள். அளவில் தப்பு வர வழியே இல்லை.

உங்கள் மெஷினில்தான் முதலில் பொருத்தச் சொல்லியிருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று நீங்கள்தான் எழுத வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

வாண்டு


மே 6

வாண்டுக்கு,

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய்.

உன் பிள்ளைகள் செய்தது பார்க்க அழகு. ஓரமெல்லாம் மழமழவென்று இருக்கிறது. ஆனால் வேலைக்கு ஆகவில்லை. பட்டன் தொடைக்குப் பக்கத்தில் வருகிறது. ஒவ்வொரு மூடிக்கும் குனிந்து நிமிர வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் மூடி. தோள் வலி போய் இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம். எட்டு நாளாக மெஷின் முன்னால் குனிந்து குனிந்து நிற்பதைப் பார்த்து நான் அதற்கு ஒரு பெயர் வைத்தேன். கும்பிடு மெஷின். பெயர் இப்போது மேனேஜர் அறை வரைக்கும் போய்விட்டது.

கண்ணாடிக்குள்ளேயே படித்த பிள்ளைகள், வேறென்ன செய்யும்? நான் ஐந்து மாதம் மணி அடித்த மாதிரிதான் இதுவும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தலையைத் தட்டிச் சொல்லிக்கொடு.

அறிக்கையில் ஒன்பதாம் பக்கம் வந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், வராத நாளில் அரைப் பக்கம்.

உன் மாமா


மே 15

மாமாவுக்கு,

உங்கள் மேனேஜரின் கடிதம் வந்தது. இரண்டே வரி. "தங்கள் வடிவம் பயன்படாது. எங்கள் ஊழியர்கள் இதைக் கும்பிடு மெஷின் என்று அழைக்கிறார்கள்." எங்கள் துறைத் தலைவர் அதைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். இருபத்தாறு பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயரை வைத்தது யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அளவுகளை மறுபடி பார்த்தேன். தப்பு இல்லை. நீங்கள் எல்லோரும் வீடியோவில் எம்பி நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். எம்பி நின்றவர்கள் அளவுக்கு இறக்கிய பட்டன் இரண்டு மாதத்தில் எப்படித் தொடைக்கு வரும்? வளர்ந்துவிட்டீர்களா? புதிதாக எது வந்தாலும் வேண்டாம் என்று சொல்வது உங்கள் ஆட்களுக்குப் பழக்கம் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். நான் இதுவரை அதை நம்பியதில்லை.

ஜூன் 10 குழு கூடுகிறது. அதுவரை எனக்கு நிறைய வேலை இருக்கிறது. இனி எழுத வேண்டாம்.


மே 29

வாண்டுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு. ஆனால் படித்துவிட்டுக் கிழி.

உன் கடிதம் வந்த அன்று அறிக்கையைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு. மூன்று நாள்தான் தாங்கியது. படிக்கக் கற்றவனுக்குப் படிக்காமல் இருக்க முடியவில்லை. இறக்கி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பத்தொன்பதாம் பக்கம் வந்தது. அதில் ஐந்தாவது வரி: "தொழிலாளர்கள் வெறும் தரையில் நின்று வேலை செய்கிறார்கள்."

வெறும் தரை. இரண்டு சொல்லையும் விரலை வைத்து மறுபடி படித்தேன். நான் என்றைக்கு வெறும் தரையில் நின்றேன்?

அந்த மெஷின் எங்கள் உயரத்துக்குச் செய்ததில்லை. வாங்கி வந்த நாளிலிருந்தே காலுக்கடியில் பலகை போட்டுத்தான் நிற்கிறோம். ஒரு பலகை பன்னிரண்டு சென்டிமீட்டர். பலகை இல்லாவிட்டால் தகரம் சரியாக உட்கார்ந்ததா என்று மெஷினின் வாய்க்குள் பார்க்க முடியாது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு அதிகாரி வந்து, ஆடுகிற பலகைமேல் நிற்பது விதிக்கு விரோதம், பார்த்தால் வேலையை விட்டு அனுப்புவேன் என்று சத்தம் போட்டார். அதிலிருந்து வெளி ஆள் வருகிறார் என்றால் பலகை தொட்டிக்குப் பின்னால் போய்விடும். அவர் போனதும் திரும்பி வந்துவிடும். யாரும் யாருக்கும் சொல்வதில்லை, கை தானாகச் செய்யும்.

உன் பிள்ளைகள் போனுக்குள் வந்தபோதும் கை தானாகச் செய்தது. ஏழு பலகை. உனக்கே பெருமையாக எழுதினேன். நாங்கள் எம்பி நின்றதை உன் பிள்ளைகள் சரியாகத்தான் அளந்தார்கள். அவர்கள் போனதும் நாங்கள் பலகைமேல் ஏறிக்கொண்டோம். வளர்ந்துவிட்டீர்களா என்று கேட்டாயே, ஆமாம், பன்னிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டோம்.

மேனேஜர், சூப்பர்வைசர், உன் தலைவர் எல்லோர் மேசையிலும் அந்த அறிக்கை இருக்கிறது. அவர்கள் படித்தவர்கள், அதனால் வேகமாகப் படித்திருப்பார்கள். நான் ஒவ்வொரு எழுத்தாக நடந்து போகிறவன். தடுக்கி விழுந்தேன்.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். "உனக்கென்ன கிறுக்கா? பதினோரு வருஷமா மூடி வச்சத நீயே தொறந்து காட்டப் போறியா? மொதல்ல என் வேலை போகும், அப்புறம் உன் வேலை" என்றார். அவர் பயமும் நியாயம்தான். திரும்பி வரும்போது நாலாம் நம்பர் தங்கச்சி வழிமறித்தாள்.

"என்னண்ணே, மூஞ்சி பிரஸ்ல மாட்டின தகரம் மாதிரி இருக்கு?"

சொன்னேன்.

"எழுதிக் குடுங்கண்ணே. வாயால சொன்னா நம்மளத் திட்டிட்டு மறந்துருவாங்க. என் பேரையும் போட்டுருங்க. அதுக்குத்தான இத்தன மாசம் மணி அடிச்சீங்க?"

இரண்டு நாள் எழுதினேன், ஒரே பக்கம். கீழே கையெழுத்துப் போட்டேன். என் பக்கத்தில் அவள் போட்டாள். நேற்று மேனேஜர் கையில் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு என்னோடு கீழே வந்து, ஷூவோடு என் பலகைமேல் ஏறினார். இறங்கினார். வாய்க்குள் எட்டிப் பார்த்தார். மறுபடி ஏறினார். அவர் என்னைவிடக் குள்ளம், அது நேற்றுதான் எனக்கே தெரிந்தது.

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல சார். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம்."

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். எங்களுக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. அந்தப் பெயரை நான் வைத்திருக்கக் கூடாது. அதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதினேன்.

பலகைகள் இன்று தொட்டிக்குப் பின்னால் போகவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் கிடக்கின்றன.

உன் மாமா


ஜூன் 13

என் மாமாவுக்கு,

கிழிக்கவில்லை. சட்டம் போட்டு மாட்டலாமா என்று பார்க்கிறேன்.

குழு கூடிய அன்று தலைவர் பாடத்தை மூடும் தீர்மானத்தைக் கையிலேயே வைத்திருந்தார். அப்போது உங்கள் மேனேஜர் திரையில் வந்தார். ஒரு காகிதத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். வரி மேலே ஏறி, கீழே இறங்கிப் போனது. யார் கை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவரே முழுவதும் படித்தார். "என் தொழிற்சாலையைப் பற்றி எனக்கே தெரியாததை இந்தப் பாடம் வெளியே கொண்டுவந்திருக்கிறது. என் ஆட்களில் யாரையும் வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை. எனக்கு இந்தப் பிள்ளைகள் இன்னொரு பருவம் வேண்டும்" என்றார். கொடுத்துவிட்டார்கள், மாமா. டிசம்பர் வரை.

இனி நான் சொல்ல வேண்டியது. முதல் வீடியோ நாளில் ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இவங்க கால் ஏன் படத்துலயே வரல?" சூப்பர்வைசர் போனை உயரப் பிடித்திருந்தார். "கேமரா அவ்வளவுதான் காட்டும்மா, இருக்கறத வச்சு அளங்க" என்றேன். அவள் கேட்டதை அன்றே பிடித்து, தினமும் இப்படித்தான் நிற்கிறீர்களா என்று உங்களிடம் கேட்டிருந்தால் நீங்கள் பத்தொன்பது பக்கம் நடந்திருக்க வேண்டாம். "வெறும் தரை" என்று எழுதியது மாணவர்கள் இல்லை. அந்த வரி நான் எழுதியது. பார்க்காத தரையைப் பற்றி.

கண்ணாடிக்குள் படித்த பிள்ளைகள் என்று எழுதினீர்கள். கோபம் வந்தது. இப்போதும் பாதிதான் ஒத்துக்கொள்வேன். நீங்களும் கண்ணாடியில்தான் தொடங்கினீர்கள். அந்த மணி இல்லாமல் ஆணியும் வந்திருக்காது. நான் ஆணியைக் கொடுக்க மறந்துவிட்டேன். இனி முதல் வாரம் பிள்ளைகள் ஒன்றும் வரையக் கூடாது. கேள்விகளை எழுதித் தபாலில் அனுப்புவார்கள், மெஷினில் நிற்பவர்கள் கையால் பதில் எழுதுவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். மேனேஜர் சம்மதித்துவிட்டார்.

நேற்று முன்தினம் மறுபடி வீடியோவில் வந்தோமே, அப்போது கால்களை மட்டும்தான் பார்த்தோம். பிள்ளைகள் இரவு பகலாக உட்கார்ந்து வரைந்த படம் இதோடு இருக்கிறது. ஆடும் பலகைக்குப் பதில் தரையோடு முடுக்கிய இரும்புப் படி. மூன்று உயரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பட்டன்கள் அதற்கு ஏற்ற இடத்தில்.

வலது மூலையில் மூன்று சின்னக் கட்டங்கள் இருக்கும். வரைந்தவர் என்ற இடத்தில் கால்களைக் கேட்ட அந்த மாணவி கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மேற்பார்வை என்ற இடத்தில் நான். மூன்றாவது கட்டத்தில் "சரிபார்த்தவர்" என்று இருக்கிறது. அதை எப்போதும் எங்கள் துறையிலேயே யாராவது நிரப்பிவிடுவோம். இந்த முறை காலியாக விட்டிருக்கிறேன். அது உங்களுடையது. போட்டு அனுப்புங்கள், படி செய்யக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
வாண்டு


ஜூன் 26

வாண்டுக்கு,

படம் வந்தது. சுருளைப் பிரித்து, நாலு மூலையிலும் தகர மூடி வைத்து விரித்தேன். மூன்றாவது கட்டத்தைப் பார்த்தேன். அந்தக் கட்டத்துக்குள் அடங்கும்படி சின்னதாகக் கையெழுத்துப் போட மூன்று நாள் தகரத்தில் பழகினேன். நாலாம் நம்பர் தங்கச்சி பார்த்துவிட்டு, "பெரிய அதிகாரி ஆயிட்டீங்க, இனிமே உங்களப் பாக்கவே சீட்டு எழுதித்தான் குடுக்கணும் போல" என்றாள்.

நேற்றுப் பேனாவைத் திறந்துவிட்டேன். கட்டத்தில் வைக்கப் போகும்போது அந்தச் சொல்லை இன்னொரு தரம் படித்தேன். சரிபார்த்தவர். நான் இன்னும் எதையும் சரிபார்க்கவில்லையே? பேனாவைக் கீழே வைத்தேன்.

இன்று காலை படத்தையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகப் போனேன். ஒன்று, இரண்டு, மூன்று சரி. நாலில் இடித்தது. உன் படத்தில் உயரமான படி பதினெட்டு சென்டிமீட்டர். தங்கச்சி நிற்பது ஒரு பலகைமேல் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. இருபத்து நான்கு வேண்டும்.

"வீடியோல ஒண்ணுதானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாருக்கும் ஒண்ணு, எனக்கு மட்டும் ரெண்டான்னு அந்தப் புள்ளைங்க சிரிக்குமேன்னு ஒண்ண எடுத்து ஒளிச்சிட்டேண்ணே."

எனக்கு வந்த சிரிப்பில் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளும் சிரித்தாள். அந்த இரண்டாவது பலகையை அவளே போய் எடுத்து வந்து என் முன்னால் வைத்து, "அளந்துக்கோங்க" என்றாள். அளந்தேன். இதோடு எழுதி வைத்திருக்கிறேன். உன் பிள்ளைகளிடம் அவள் சொன்னதாகச் சொல்லாதே, நான் கண்டுபிடித்ததாகச் சொல்.

அதனால் கையெழுத்துப் போடவில்லை. படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நாலாம் நம்பருக்கு இருபத்து நான்கு என்று மாற்றி அனுப்பு. அவசரம் என்று நீ சொன்னது தெரியும், அதற்காகச் சரியில்லாததைச் சரி என்று போட முடியுமா?

சீக்கிரம் அனுப்பு. பேனாவைத் திறந்தே வைத்திருக்கிறேன், மை காய்ந்துவிடும்.

உன் மாமா